எண்ணெய் உறையும் மாதங்கள்

மார்கழி பிறந்த சில நாட்களில் தமிழ்நாட்டு வீடுகளின் குளியலறைத் தட்டில் ஒரு மாற்றம் தெரியும். முந்தின வாரம் வரை தெளிந்து நின்ற தேங்காய் எண்ணெய் ஓரத்தில் வெளுக்கத் தொடங்கி, ஒருநாள் காலையில் முழுக்கக் கட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய் உறைவது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில். சென்னையில் ஜனவரி விடியலில் வெப்பநிலை 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. சேலம், கோவை, வேலூர் பக்கம் அதைவிடக் குறைவு. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்க, வீட்டில் யாராவது ஒருவர் புட்டியைக் கொண்டுபோய் வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்துகிறார். பனிக்காலத்தின் முதல் வீட்டு வேலை அதுதான்.

வெயில் காலத்துக்கு என்று ஒரு வேலைப் பட்டியல் நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. வடகம் பிழிவது, வற்றல் போடுவது, மாவடு ஊற வைப்பது, வருஷத்துக்கான மிளகாயைக் காயவைத்து அரைத்து வைப்பது என்று அது நீளும். பனிக்காலத்துக்கும் அப்படியொரு பட்டியல் இருந்தது. ‘நமக்கு ஏது குளிர்காலம்’ என்று சொல்லிச் சொல்லியே அதை மறந்துவிட்டோம். ஆண்டை ஆறாகப் பகுத்த தமிழ் மரபோ குளிருக்கு மட்டும் மூன்று பருவங்களை ஒதுக்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி.

அந்தக் குளிரில் வீடு எப்படி இருந்தது என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகளில் ஒரு கூதிர்கால இரவைக் காட்டுகிறது. தென்றலுக்காகத் திறந்தே கிடக்கும் ஜன்னல் கதவுகளை அடைத்துத் தாழிட்டுவிட்டார்கள். வேலைப்பாடுள்ள விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டு, அவற்றில் சிலந்தி நூல் பின்னிக் கிடக்கிறது. சந்தனம் அரைக்கும் கல்லுக்கு வேலை இல்லை. குறுகிய வாய் கொண்ட குடத்தின் குளிர்ந்த நீரைத் தொடாமல், அகன்ற வாய்ச் சட்டியில் கனியும் நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பருவம் மாறியதும் வீட்டுப் பொருள்களை இடம் மாற்றும் பழக்கத்தை, இதைப் பாடிய நக்கீரர் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார். இன்று பல வீடுகளில் மின்விசிறியின் வேகத்தை இரண்டு எண் குறைப்பதோடு பருவ மாற்றம் முடிந்துவிடுகிறது.

அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது கடைகள் விற்கும் குளிர்காலம். வாசனை மெழுகுவத்தி, ரோமம் போலப் புசுபுசுக்கும் பாலியஸ்டர் போர்வை, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளக் கம்பளிக் காலுறை எல்லாம் இணையக் கடைகளில் டிசம்பரில் முன்னுக்கு வருகின்றன. ‘ஹூகா’ என்ற டேனிஷ் சொல்லும், அதன் பெயரில் ஒரு வாழ்முறையும் 2016 வாக்கில் உலகெங்கும் பரவியதில் இந்தப் பொருள்கள் நமக்கும் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்துக்கு அதன் சொந்த மண்ணில் வலுவான காரணம் இருக்கிறது. கோபன்ஹேகனில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் வெறும் ஏழு மணி நேரம். அங்கே மெழுகுவத்தி வெளிச்சத்தின் ஈடு. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல். நம் பனிக்காலத்தின் பெரிய செல்வம் வெயில். உடம்பைச் சுடாமல், வியர்க்க வைக்காமல், காலை எட்டு மணிக்குத் திண்ணையில் வந்து விழும் இளவெயில் ஆண்டில் இந்தப் பனிக்கால மாதங்களில்தான் கிடைக்கிறது. தமிழ் வீட்டின் பனிக்கால வேலைகளை அந்த வெயிலைச் சுற்றி அமைத்துக்கொள்வதே சரியான வழி.

அதிலும் ஒரு வசதி உண்டு. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நகர்கிறது. டிசம்பர் 21, 22 தேதிகளில் சென்னையில் உச்சி நேரத்தில்கூடச் சூரியன் அடிவானிலிருந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. சித்திரையில் தலைக்கு நேர் மேலே நின்று கூரையை மட்டும் சுடும் அதே சூரியன், இப்போது தெற்குப் பார்த்த ஜன்னல் வழியாக வீட்டுக்குள் எட்டிப் படுக்கிறது. வயதானவர்களின் கட்டிலை இரண்டு மாதத்துக்கு அந்த ஜன்னலோரம் நகர்த்திப் போடுவது எந்தச் செலவும் இல்லாத வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பில் தெற்குப் பார்த்த பால்கனி வாய்த்தவர்கள், அங்கே அடைத்து வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகளையும் உடைந்த நாற்காலியையும் எடுத்துவிட்டால் ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்கும்.

வெயில் இப்போது அவசியமாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. மார்கழி பிறக்கும்போது வீடு ஊறிப்போயிருக்கும். பீரோவைத் திறந்தால் புழுங்கல் வாடை, தோல் செருப்பில் பூஞ்சை, ஜாடியில் கசிந்து கட்டிப்போன உப்பு, துவரம்பருப்பு டப்பாவில் வண்டு. மழை விட்டு வானம் வெளுத்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் பீரோவைக் காலி செய்து துணிகளை மாடிக்கு ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். திரும்ப அடுக்கும்போது இடையிடையே வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் வைப்பது அத்தைகளும் பாட்டிகளும் செய்துவந்த வேலை. அரிசி, பருப்பைப் பொறுத்தவரை பூச்சிக்கு ஆகாதது வெயிலின் சூடு. ஒரு முழு நாள் காய்ந்து, ஆறிய பிறகு டப்பாவுக்குள் போன பருப்பு கோடை வரை தாங்கும்.

மெத்தை, தலையணைக்கு இதைவிடப் பெரிய கவனம் வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்க முடியாது. நனைந்தால் பஞ்சு கட்டிக்கொள்ளும். போடி, கம்பம் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே கூடான குழாய். அதனுள் அடைபட்ட காற்றுதான் அதன் மென்மைக்கும் கதகதப்புக்கும் காரணம். மழைக்கால ஈரத்தில் அமுங்கிப்போன தலையணையை இரண்டு நாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டு, குச்சியால் நாலு தட்டுத் தட்டினால் மறுபடி எழுந்து நிற்கும். அன்றிரவு அதில் தலை வைக்கிற குழந்தை ‘வெயில் வாசனை அடிக்குது’ என்று சொல்லும். அந்த வாசனையைக் குப்பியில் அடைத்து யாரும் விற்றுவிட முடியாது.

படுக்கையில் செய்ய இன்னும் ஒன்று இருக்கிறது. மொசைக், டைல்ஸ் தரையில் கோரைப் பாயை மட்டும் விரித்துப் படுத்தால் விடியலில் முதுகு சில்லிடும். பத்தமடைப் பாயின் குளுமை கோடைக்கானது. இந்த மாதங்களில் அதன் மேல் கெட்டியான பவானி ஜமக்காளம் ஒன்றை விரிக்கலாம். போர்த்திக்கொள்ளச் சென்னிமலைப் போர்வை இருக்கிறது. இரண்டுமே ஈரோடு மாவட்டக் கைத்தறிகளில் நெய்தவை. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றது. பாலியஸ்டர் போர்வைக்குக் கொடுக்கும் காசில் இவற்றை வாங்கினால், அந்தப் பணம் தறியில் கால் மிதித்து உழைப்பவரின் வீட்டு அடுப்புக்குப் போகும்.

வாங்காமலும் போர்வை செய்யலாம். ஐந்தரை மீட்டர் பழைய நூல் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் கொண்ட மூன்று அடுக்குத் துணி கிடைக்கிறது. இரண்டு சேலையைச் சேர்த்தால் ஆறு அடுக்கு. நான்கு விரல் இடைவெளி விட்டு நீளவாக்கில் ஓட்டுத் தையல் போட்டு, ஓரங்களை மடித்துத் தைத்தால் ஒருவருக்கான போர்வை தயார். தையல் மெஷின் தேவையில்லை. வெயிலில் உட்கார்ந்து மூன்று, நான்கு ஞாயிறுகளில் கையாலேயே முடிக்கலாம். அடுக்குகளுக்கிடையே அடைபடும் காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாது. வங்கத்தின் காந்தா, வட கர்நாடகத்தின் கௌதி எல்லாம் இதே கணக்கில் பிறந்தவை. அங்கே அவை கைவினைப் பொருளாக மதிப்புப் பெற்றுவிட்டன. இங்கே அம்மாவின் சேலையில் தைத்த போர்வை, பிள்ளைகள் வளர்ந்ததும் கார் துடைக்கும் துணியாகிவிடுகிறது.

இதைப் போகியோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பழைய பாய், துடைப்பம், கந்தல் எல்லாம் இயற்கைப் பொருளாக இருந்த காலத்தில் அவற்றைக் கொளுத்துவது எளிய சுத்திகரிப்பு. இன்றைய பழசில் பிளாஸ்டிக், ரெக்சின், ரப்பர் கலந்திருக்கின்றன. பனிக்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகை மேலே போவதுமில்லை. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையையே மறைத்து, விமானச் சேவைகளைக் குலைத்தன. ஆஸ்துமா உள்ள ஒரு முதியவருக்கு அந்த விடியல் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், போகிக்கு முந்தின வாரத்தில் வீட்டார் கூடி உட்கார்ந்து, கிழிந்ததில் எதைத் தைக்கலாம், எதை யாருக்குக் கொடுக்கலாம் என்று பிரிப்பதே இந்தக் காலத்துக்கேற்ற போகி என்பது விளங்கும்.

சமையலறைக்கு வருவோம். மார்கழியும் தையும் சந்தை நிறைந்திருக்கும் மாதங்கள். மொச்சை, அவரை, பச்சைத் துவரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பெருநெல்லி எல்லாம் குவிகின்றன. மொச்சையை உரிப்பது ஒரு ஆளால் செய்தால் சலிக்கும் வேலை; முறத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் அது ஒரு மாலைப் பொழுது. பெருநெல்லியை ஆவியில் வேகவைத்து, கொட்டை நீக்கி, உப்பு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் சேர்த்தால் இரண்டு வாரத்துக்கு ஊறுகாய் ஆகிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் மண்ணில் ஆவணி, புரட்டாசியில் புதைத்த பனங்கொட்டைகள் இப்போது கிழங்காகி வெளியே வருகின்றன. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, நார் உரித்துத் தின்னும் அந்தக் கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்தால் யாழ்ப்பாணத்தில் அது ஒடியல். அதன் மாவில்தான் அங்கே கூழ் காய்ச்சுகிறார்கள். பனைக்கும் வெயிலுக்கும் பனிக்காலத்தில் ஏற்படும் இந்த உறவு கடலின் இரு கரையிலும் ஒன்றுதான்.

சுக்குப் பொடியையும் கடையில் வாங்கத் தேவையில்லை. சுக்கு என்பது காய்ந்த இஞ்சி என்றாலும் இஞ்சியின் காரமும் சுக்கின் காரமும் ஒன்றல்ல. காயும்போது இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருளின் ஒரு பகுதி ஷோகாவோல் என்ற, இன்னும் காரமான பொருளாக மாறுகிறது. தொண்டைக்குள் இறங்கும் அந்தச் சூடு அங்கிருந்து வருவது. ஐம்பது கிராம் சுக்கைத் தோல் சீவி, அம்மியிலோ உரலிலோ நசுக்கி, நூறு கிராம் மல்லியோடும் ஒரு கரண்டி மிளகோடும் வெயிலில் ஒரு பொழுது காயவைத்து அரைத்தால், ஒரு குடும்பத்துக்குத் தை முடியும் வரை வரும். கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் சுக்கு காப்பி. மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறவரின் கையில் அந்தத் தம்ளரைக் கொடுப்பது, ‘இன்னைக்கு ரொம்ப அலைச்சலா’ என்று கேட்பதற்குச் சமம்.

தம்ளரைக் கொடுப்பவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். பனிக்கால வீட்டின் கதகதப்பைப் பற்றி எழுதப்படும் இனிமையான வரிகளில் பெரும்பாலும் ஒருவர் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்துவிட்டிருக்கிறார். வெந்நீர் போட்டது, வாசல் தெளித்தது, இரண்டு வேளையும் சுடச்சுடச் சமைத்தது, காயாத துணியை உள்ளே கொடி கட்டி உலர்த்தியது, சளி பிடித்த பிள்ளைக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தது எல்லாம் அவரே. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண்களைத் தந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26.1 சதவீதத்தினர். அப்படி ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, ஊதியமில்லாத இந்த உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அறிவிக்கப்பட்டது. அந்த அங்கீகாரம் வீட்டுக்குள்ளும் வர வேண்டும்.

பனிக்கால வேலைகளை இருட்டிலிருந்து வெயிலுக்கு மாற்றினால் அதற்கு வழி பிறக்கும். விடியலில் நடக்கும் வேலையில் மற்றவர்கள் போர்வைக்குள் இருப்பார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாடியில் நடக்கும் வேலையிலிருந்து யாரும் ஒதுங்க முடியாது. மெத்தையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மொச்சை உரிக்கவும் நெல்லிக்காய் கழுவவும் பத்து வயதுப் பையனால் முடியும். ஊசியில் நூல் கோக்கச் சின்னக் கண்கள் வேண்டும், தையலை நேராக ஓட்டப் பழகிய கைகள் வேண்டும். சுக்கு இடிக்கத் தோளில் பலமுள்ளவர் வேண்டும். வார நாட்களின் வெந்நீரும் சுக்கு காப்பியும் முறை வைத்துச் செய்யக்கூடியவை. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள்கூட வராது.

கோலத்தை மட்டும் விடியலிலேயே விட்டுவிடலாம். அதை விரும்பிப் போடுகிறவர்களின் மகிழ்ச்சி அது. அரிசி மாவில் போட்டால் எறும்புக்கும் குருவிக்கும் ஆகும். புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக வளைந்து வரும் கோலத்துக்குள் இருக்கும் கணக்கை, சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களில் கணினி அறிவியலுக்கே கொண்டுபோனார்கள். அப்படிப்பட்ட கலையைக் கற்க ஆண் பிள்ளைகளை வாசலுக்கு அனுப்பாமல் இருப்பது அவர்களுக்குத்தான் இழப்பு.

மலைப் பகுதிகளுக்கு இந்த வெயில் கணக்கு முழுவதும் பொருந்தாது. உதகையில் காந்தல், தலைக்குந்தா போன்ற இடங்களில் ஜனவரி விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். அங்கே நெருப்பு தேவைதான். ஆனால் கரி அடுப்பை மூட்டி, கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. மூடிய அறையில் கனியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைவாசத் தலங்களில் இப்படிக் குடும்பமாக இறந்தவர்களின் செய்தி நாளிதழ்களில் வந்திருக்கிறது. படுக்கும் முன் கணப்பை வெளியே வைத்துவிடுவதையும், ஜன்னலை ஒரு சாண் திறந்து விடுவதையும் மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு விடுதிக்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பனிக்காலத்தை வீட்டார் கூடிச் செய்யும் வேலையாக மாற்றிய பழக்கம் ஒன்று தென் மாவட்டங்களில் இன்னும் முழுதாக மறையவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி ஊர்களில் மார்கழி முழுதும் வாசல் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரும் பூசணிப் பூவும் வைப்பார்கள். அன்றைய பூவோடு அந்தச் சாணத்தைச் சின்ன எருவாகத் தட்டி வெயிலில் காயவைத்துச் சேர்ப்பார்கள். முற்றத்தில் சிறுமிகளுக்காகக் களிமண்ணில் ஒரு சிறு வீடு எழும். அதற்கும் வாசல் உண்டு, அடுப்பு உண்டு. தைப் பொங்கல் முடிந்து ஒருநாள் அந்தச் சிறு வீட்டு வாசலில் பொங்கலிட்டு, சேர்த்து வைத்த பூ எருக்களை ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவார்கள். மண் குழைப்பவர் அப்பா, சுவர் பூசுபவள் அக்கா, எருவை எண்ணிப் பார்ப்பது கடைக்குட்டி. சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். முற்றம் இல்லாத வீட்டில் களிமண்ணுக்குப் பதில் கோலத்தால் சிறு வீடு வரைகிறார்கள். அதில் தம்பிகளையும் சேர்த்துக்கொண்டால் எந்தச் சாமியும் கோபிக்காது.

இந்த ஆண்டு தொடங்க நினைப்பவர்களுக்கு நேரம் கடந்துவிடவில்லை. டிசம்பர் 22-க்குப் பிறகு பகல் வளரத் தொடங்கினாலும், சென்னையில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரி பின்பாதியில். அப்போது காலை ஆறரை மணி தாண்டித்தான் சூரியன் எழும். பொங்கல் விடுமுறையின் ஒரு நாள் காலையில், அந்த வெயில் மாடியை எட்டியதும், இரண்டு பழைய சேலையும் ஊசி நூலும், ஒரு முறம் மொச்சையும், வீட்டிலிருக்கும் எல்லாத் தலையணைகளும் மேலே போகட்டும். குளியலறையிலிருந்து எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போகலாம். மொச்சை உரித்து முடிவதற்குள் அது தானே உருகியிருக்கும். பக்கத்தில் யார் தலை இருக்கிறதோ அதற்குத் தேய்த்துவிடலாம்.